நம் வாசலைக் கடக்கும் இரயிலும் ஒரு பசுந்தீவும்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே வாழும் நமக்கு இரயிலின் ஓசை கடிகாரத்தைப் போன்றது. விடிகாலையில் பால்காரர் மணி அடிக்குமுன்னர் முதல் மின்சார வண்டி சென்றுவிடும். இரவில், கோவிலில் செபமாலை முடிந்து மக்கள் வீடு திரும்பும் வேளையில், சென்ட்ரலிலிருந்து கேரளம் நோக்கிச் செல்லும் நெடுந்தூர வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நம் நிலையங்களில் நில்லாமல் விரையும். ஒளி நிறைந்த சன்னல்கள் ஒரு நிமிடம் தெரியும், பிறகு இருள். அவ்வண்டிகள் எங்கே செல்கின்றன என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்த்தவர் ஒருவர் நம் பங்கில் இருந்தார். இக்கட்டுரை அவரை முன்னிட்டே பிறந்தது.

அவர் ஆவடியில் அரசுத் தொழிற்சாலை ஒன்றில் 34 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். ஷிப்டு முடிந்து மிதிவண்டியில் திரும்புகையில் இரயில்வே கேட் மூடியிருந்தால், இறங்கி நின்று அந்தக் கேரள வண்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். "அடுத்த வருஷம் உன்னை இதிலே கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று மனைவியிடம் சொல்வாராம். மகனின் படிப்பு, மகளின் திருமணம், வீட்டுக்கு மாடி என ஆண்டுகள் உருண்டோடின. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் இறைவனடி சேர்ந்தார். அந்த அடுத்த வருஷம் மட்டும் வரவேயில்லை.

நிற்க. சில மாதங்களுக்கு முன் அவருடைய மகன் நம்மைக் காண வந்தார். நல்ல வேலையிலிருக்கும் இளைஞர். கையிலிருந்த தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். நீலக் கடல், அதன் நடுவே மரகதம் போல் ஒரு தீவு, குன்றின் மீது பழைய கோட்டை. "கிரேக்க நாட்டின் கோர்ஃபு தீவு, சாமி. மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு பத்து நாள் போய்வரலாம் என்றிருக்கிறேன். நல்லபடியாகப் போய்வர மந்திரியுங்கள்" என்றார். "அம்மா?" என்று கேட்டோம். சற்றுத் தயங்கினார். "அம்மாவுக்கு முழங்கால் வலி. அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது. அங்கே சாப்பாடும் ஒத்துக்கொள்ளாது. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறோம்" என்றார்.

அவர் சொன்னதில் பிழையொன்றும் இல்லை. தம் உழைப்பின் பயனைத் தம் குடும்பத்தோடு துய்க்க விரும்புவது நேரிய விருப்பமே. ஆயினும் அந்த இரயில்வே கேட் நம் நினைவுக்கு வந்தது. "தம்பி, பசுமையும் பழமையும் கடலும் சூழ்ந்த தீவுதானே வேண்டும்? உம் தந்தையார் பார்த்துக்கொண்டு நின்ற அந்த வண்டியிலேயே ஏறி அத்தகைய தீவுக்குப் போகலாமே. அம்மாவும் வரலாம்" என்றோம். கொச்சிக்கு எதிர்க்கரையிலுள்ள வைப்பின் தீவைக் குறித்தே நாம் சொன்னோம்.

நம்முடைய ஒரு தவறு

இவ்விடத்தில் நம் தவறு ஒன்றையும் வாசக அன்பர்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் பணியாற்றியபோது, மக்களைத் தென்மாவட்டங்களுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். திட்டம் வகுத்தவர் நாமே. மூன்று நாட்களில் ஒன்பது இடங்கள்! காகிதத்தில் பார்த்தபோது பெருமையாக இருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பினோம்; ஓரிடத்தில் இறக்கி, அரைமணியில் சீழ்க்கை ஊதி ஏற்றினோம். திரும்பி வந்ததும் ஒரு மூதாட்டியிடம், "பாட்டி, என்னென்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டோம். "பஸ்ஸைத்தான் பார்த்தேன், சாமி" என்றார். எல்லோரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம். அடுத்த ஆண்டு, அவர் நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கும்படி ஒரே ஓர் ஊருக்கு அழைத்துச் செல்லவேண்டுமென மனத்துள் குறித்துக்கொண்டோம். அதற்குள் அவரை அடக்கம் செய்யும் கடமை நமக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து நாம் ஒரு விதியைக் கைக்கொண்டு வருகிறோம். விடுமுறையைத் திட்டமிடும்போது, வீட்டில் மிகவும் களைத்தவர் யாரோ அவரை வைத்தே திட்டமிட வேண்டும். மிகவும் வலுவுள்ளவரை வைத்துத் திட்டமிட்டால் மற்றவர் அனைவரும் அவருக்குப் பின்னால் ஓடவேண்டியதுதான். வைப்பின் தீவை நாம் பரிந்துரைப்பதற்கு இதுவே முதற்காரணம். அங்கே ஓடிப் பார்க்கவேண்டியது எதுவுமில்லை. உட்கார்ந்து பார்க்கவேண்டியவை பல உண்டு.

ஆறு வைத்த நிலம்

வைப்பின் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய தீவு. அகலமோ பெரும்பாலான இடங்களில் இரண்டரைக் கிலோமீட்டரைத் தாண்டாது. மேற்கே அரபிக்கடல்; கிழக்கே காயல்; தெற்கே கொச்சித் துறைமுகத்தின் வாய்; வடக்கே பெரியாறு கடலில் கலக்கும் முனம்பம். தென்னை, வாழை, பலா, கால்வாய், மீன்பண்ணை, நெல்வயல் என எங்கு நோக்கினும் பச்சையும் நீருமே. உலகில் மக்கள் மிக நெருக்கமாக வாழும் தீவுகளுள் ஒன்று என்றும் இதைச் சொல்வர்.

இதன் பெயரே ஒரு வரலாறு. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்தது என்பர். அவ்வெள்ளம் மலையிலிருந்து அடித்து வந்த மண்ணையும் மணலையும் கடலோரத்தில் வைத்துவிட்டுச் சென்றது. அவ்வாறு வைக்கப்பட்ட நிலமே வைப்பு. 'வைப்பு' என்னும் சொல் நமக்கும் உரியதன்றோ! வங்கியில் வைப்புநிதி என்கிறோமே, அதே சொல்தான். அவ்வாண்டைத் தொடக்கமாகக் கொண்டு 'புதுவைப்பு ஆண்டு' என்றொரு காலக்கணக்கும் அப்பகுதியில் வழங்கியது. தீவின் தென்பகுதி இன்றும் புதுவைப்பு என்றே அழைக்கப்படுகிறது.

அதே வெள்ளம் மற்றொன்றையும் செய்தது என்பது வரலாற்றாசிரியர் கருத்து. வடக்கே கொடுங்கல்லூர்ப் பக்கமிருந்த பழைய துறைமுகம் மண்மேடிட்டுத் தூர்ந்தது. தெற்கே கொச்சியின் வாய் அகன்று புதிய துறைமுகம் உருவாயிற்று. தூர்ந்த அத்துறைமுகப் பகுதி யாது? நம் சங்கப் புலவர் பாடிய முசிறி அங்கேதான் இருந்தது. சேரநாட்டு மிளகை ஏற்றிச்செல்ல யவனர் கலங்கள் வந்த துறை அது. யவனர் என்னும் சொல் முதலில் கிரேக்கரையே குறித்தது. முசிறி வாணிகத்தைப் பற்றிக் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று வியன்னா நகரில் இன்றும் காக்கப்படுகிறது. அந்த ஏட்டில் 'எர்மப்பொல்லோன்' என்னும் கப்பலின் சரக்கு கணக்கிடப்பட்டுள்ளது. யானைத் தந்தமும் நறுமணப் பொருளும் அதில் அடங்கும்.

"ஆகவே தம்பி, நீர் கிரேக்கத் தீவைத் தேடிப் போகவேண்டாம். கிரேக்கரே கடல் கடந்து தேடி வந்த கரைக்குப் போம்" என்றோம். அவர் சிரித்தார். ஆனால் தொலைபேசியை அணைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதையும் கவனித்தோம்.

இரண்டு கோட்டைகளும் ஒரு மிளகும்

அவர் காட்டிய படத்திலிருந்த கோர்ஃபு தீவைப் பற்றியும் ஒரு சொல். அது 1386 முதல் 1797 வரை வெனிசு நகர ஆட்சியிலிருந்தது. தீவெங்கும் ஒலிவ மரம் செழிக்கும்படி ஊக்கியவர் அவ்வணிகரே. அந்தக் கோட்டை ஏட்ரியாட்டிக் கடலின் வாயிலைக் காத்து நின்றது. அலெக்சாந்திரியா வழியாக வெனிசுக்குச் சென்ற கீழ்நாட்டுச் சரக்குகளில் தலையாயது மிளகு. அம்மிளகு விளைந்ததோ மலையாளக் கரையில்.

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்ததும் வெனிசு வணிகர் அதிர்ந்தனர். அடுத்த ஐந்தாண்டுகளில் போர்த்துக்கீசியர் கொச்சியில் காலூன்றினர். 1503-இல் வைப்பின் தீவின் வடகோடியில், பள்ளிப்புறம் என்னும் ஊரில், ஒரு சிறு கோட்டையும் கட்டினர். இந்தியாவில் எஞ்சி நிற்கும் ஐரோப்பியக் கோட்டைகளுள் மிகப் பழையது என இதைக் குறிப்பிடுவர். 'ஆயக்கோட்டை' என்றும் ஊரார் சொல்வர். அறுகோண வடிவம், செம்புரைக்கல்லும் சுண்ணாம்பும். நம் செஞ்சியையோ வேலூரையோ கண்டவருக்கு இது ஒரு பெரிய வீட்டைவிடச் சற்றுப் பெரிதாகவே தோன்றும். ஆனால் அதன் அடியில் நின்று பெரியாற்றின் வாயைப் பாருங்கள். உள்ளே வரும் கலமும் வெளியே செல்லும் கலமும் இக்கண்ணுக்குத் தப்ப முடியாது. 1661-இல் டச்சுக்காரர் இதைக் கைப்பற்றினர். 1789-இல் திருவிதாங்கூர் அரசருக்கு விற்றனர். அந்த விற்பனை திப்பு சுல்தானுக்கும் திருவிதாங்கூருக்கும் மூண்ட போருக்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. இவ்வளவு வரலாற்றையும் ஓர் அரைமணி நேரத்தில், முழங்கால் வலிக்காமல், கண்டுவிடலாம்.

கோட்டைக்கு அருகில் பனிமாதா பேராலயம் உள்ளது. 1507-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டதென்பது அவ்வூர் மரபு. மலையாளத்தில் 'மஞ்ஞுமாதா' என்பர். திப்புவின் படை நெருங்கியபோது மூடுபனி கவிந்து ஆலயத்தை மறைத்ததென்று முதியோர் சொல்வர். ஆகஸ்டு 5-ஆம் நாள் திருவிழா.

அரிசியும் இறாலும் ஒரே வயலில்

மகனைவிட அவர் தாயாருக்கு உவப்பளிக்கும் என நாம் எண்ணியது அத்தீவின் வயல்களே. அவர் செங்கற்பட்டுப் பக்கத்து உழவர் குடும்பத்தில் பிறந்தவர். உப்புநீர் ஏறினால் நெல் கருகும் என்பதே நாம் அறிந்தது. வைப்பினிலோ 'பொக்காளி' என்னும் நெல் உப்புநீரைத் தாங்கி ஆளுயரம் வளர்கிறது. ஜூன் மாதத்தில் பருவமழை பெய்து உப்பைக் கழுவிய பிறகு விதைப்பர். அக்டோபர், நவம்பரில் இடுப்பளவு நீரில் நின்று கதிரை மட்டும் கொய்வர். தாள் அங்கேயே நின்று அழுகும். அறுவடைக்குப் பின் மதகைத் திறந்து கடல்நீரை விடுவார்கள். அந்நீரோடு வரும் இறால் குஞ்சுகள் அழுகிய தாளை உண்டு கொழுக்கும். ஏப்ரல் வரை இறால் விளைச்சல். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரமாகும். செயற்கை உரமோ பூச்சிமருந்தோ இடுவதில்லை. பொக்காளிக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டுள்ளது. எனினும் ஆள் கூலியும் உழைப்பும் மிகுதியாதலால் நெல்லைக் கைவிட்டு இறாலை மட்டும் வளர்ப்போர் பெருகிவிட்டனர். வயல் குறைகிறது. காணவேண்டுமானால் தாமதியாமல் காண்பது நலம்.

சேராய் என்னும் ஊர் கடற்கரையால் பேர்பெற்றது. ஒரு புறம் கடல், மறுபுறம் காயல், நடுவே ஒரு சாலை. ஆனால் சேராய்க்கு அதனினும் பெரிய பெருமை ஒன்றுண்டு. 1917 மே 29 அன்று, அவ்வூரில் பிறந்த ஐயப்பன் என்னும் இளைஞர், சாதியால் பிரிக்கப்பட்டவர்களை ஒரே பந்தியில் உட்கார வைத்து உணவருந்தச் செய்தார். ஊர் அவரைத் தூற்றியது. பிற்காலத்தில் நாடே அவரைச் 'சகோதரன் ஐயப்பன்' என்று போற்றியது. கடற்கரைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். ஒரே பந்தி என்பது நம் பங்குகளிலும் எளிதில் வந்துவிடவில்லை என்பதைப் பெரியோர் அறிவர்.

எப்போது போவது?

இனித் திட்டத்துக்கு வருவோம். காலம் தேர்ந்தெடுப்பதே பாதி வெற்றி. மே மாதம் நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறைதான்; ஆனால் கொச்சிப் புழுக்கம் நம் அம்பத்தூர்ப் புழுக்கத்துக்கு இளைத்ததன்று. ஜூன் தொடங்கியதும் தென்மேற்குப் பருவமழை இறங்கும், கடல் சீறும், அப்போது நீரில் இறங்குவது பேதைமை. செப்டம்பர் இறுதியில் காலாண்டு விடுமுறை வரும். அதையொட்டி, செப்டம்பர் 24-ஆம் நாள், வல்லார்பாடத்து அன்னையின் பெருவிழா. யாத்திரை செல்வோர்க்கு அதுவே தக்க காலம். ஓய்வு நாடுவோர்க்கு அக்கூட்டம் ஆகாது. அரையாண்டு விடுமுறையில் போகலாமெனின், நவம்பர் நடுவிலிருந்து சனவரி நடுவரை அவ்வண்டிகள் சபரிமலை யாத்திரிகர்களால் நிறைந்திருக்கும். புத்தாண்டை ஒட்டிக் கோட்டைக்கொச்சியில் நடைபெறும் திருவிழாக் கொண்டாட்டத்தில் கால் வைக்கவும் இடம் இராது.

எனவே பொங்கல் கழிந்து, தவக்காலம் தொடங்குமுன் உள்ள சில வாரங்களே உத்தமம். வானம் தெளிந்திருக்கும், இரவில் இளங்குளிர் வீசும். பிள்ளைக்கு இரண்டு நாள் பள்ளி போகும். போகட்டும்; பாட்டியோடு கழிக்கும் இரண்டு நாட்களும் ஒரு பாடமே.

இரயிலில் இப்போது 60 நாட்களுக்கு முன்னரே முன்பதிவு செய்யலாம். தொடங்கும் நாளன்றே செய்துவிடுங்கள். முதியோர்க்குக் கீழ்ப்படுக்கை வேண்டுமெனக் குறிப்பிடுங்கள். நம்மவர் மின்சார வண்டியில் கிழக்கே சென்ட்ரல் வரை சென்று, அங்கே ஏறி, அரைமணிக்குள் தம் வீட்டு வாசலையே மீண்டும் கடந்து மேற்கே செல்வர். இதில் ஒரு வேடிக்கையுண்டு. தம் தெருவிளக்கை இரயில் சன்னலிலிருந்து முதல்முறை காண்பவர் அது தம் தெருதானா என்று ஐயுறுவர். அரக்கோணம், காட்பாடி, சேலம், கோவை, பாலக்காடு, திருச்சூர் என ஏறத்தாழ 700 கிலோமீட்டர் இரவோடிரவாகக் கடந்து, காலையில் எர்ணாகுளத்தில் இறங்கலாம்.

முன்பெல்லாம் எர்ணாகுளத்திலிருந்து வைப்பினுக்குப் படகு ஒன்றே வழி. நோயாளியையும் கர்ப்பிணியையும் படகுக்காகக் கரையில் காத்திருக்க வைத்த காலம் அது. 2004-இல் கோசிரீ பாலங்கள் திறக்கப்பட்ட பின், போல்காட்டி, வல்லார்பாடம் தீவுகள் வழியாகப் பேருந்திலேயே போகலாம். ஆயினும் முதல்முறை செல்வோர் நீர்வழியையே தேர்க. 2023 ஏப்ரலில் தொடங்கிய 'வாட்டர் மெட்ரோ' என்னும் மின்கலப் படகு, எர்ணாகுளம் உயர்நீதிமன்றத் துறையிலிருந்து ஏறத்தாழ 20 நிமிடத்தில் வைப்பினில் சேர்க்கும். படகின் தளமும் துறையின் தளமும் ஒரே மட்டத்தில் இருப்பதால் முழங்கால் வலிக்காரரும் அஞ்ச வேண்டியதில்லை.

நான்கு நாட்களின் ஒழுங்கு

முதல் நாள்: ஒன்றும் செய்யாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறோம். சேராய்ப் பக்கம் தங்குவிடுதிகளும், குடும்பங்கள் தம் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடும் இல்லங்களும் உண்டு. தரைத்தளத்து அறையாகக் கேளுங்கள். குளித்து, உண்டு, உறங்குங்கள். மாலையில் கடலோரம் போய் உட்காருங்கள். சூரியன் கடலுக்குள் இறங்குவதைக் காண்பது கிழக்குக் கடற்கரையினராகிய நமக்குப் புதுமை. மெரினாவில் நாம் காண்பது அது எழுவதை மட்டுமே.

இரண்டாம் நாள்: தென்கோடிக்குச் செல்லுங்கள். புதுவைப்பில் 46 மீட்டர் உயரமுள்ள கலங்கரை விளக்கம் நிற்கிறது. முன்னர் கோட்டைக்கொச்சியிலிருந்து, 1979-இல் இங்கு மாற்றப்பட்டது. ஏற வல்லவர் ஏறுக. மற்றவர் கீழே இருக்க. அங்கிருந்து, ஊர்திகளையும் மக்களையும் ஒருங்கே சுமக்கும் 'ஜங்கார்' என்னும் மிதவையில் துறைமுக வாயைக் கடந்தால் கோட்டைக்கொச்சி. கரையோரம் சீன வலைகள். தேக்குக் கழிகளில் தொங்கும் பெரிய வலையை, மறுமுனையில் கட்டிய கற்களின் எடையால் நான்கைந்து பேர் சேர்ந்து ஏற்றி இறக்குவர். 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமா முதலில் அடக்கம் செய்யப்பட்ட புனித பிரான்சிஸ் ஆலயம் அருகிலுண்டு. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் எலும்புகளைப் போர்த்துக்கல்லுக்குக் கொண்டு சென்றனர். ஆலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. சற்றுத் தொலைவில், 1905-இல் அபிஷேகம் செய்யப்பட்ட திருச்சிலுவைப் பேராலயம். இவ்விரண்டோடு நிறுத்துங்கள். மட்டாஞ்சேரி மற்றொரு பயணத்துக்கு இருக்கட்டும்.

மூன்றாம் நாள்: வடகோடி. பள்ளிப்புறத்துக் கோட்டை, பனிமாதா ஆலயம், முனம்பத்து மீன்பிடித் துறை, வழியிலுள்ள பொக்காளி வயல்கள். ஓர் ஆட்டோவை அரைநாளுக்கு அமர்த்திக்கொண்டால் போதும்.

நான்காம் நாள்: வல்லார்பாடம். 1524-இல் போர்த்துக்கீசிய வணிகர் அன்னையின் படத்தைக் கொண்டு வந்தனர். 1676-ஆம் ஆண்டு வெள்ளத்தில் ஆலயம் அழிந்து படம் நீரில் மிதந்தபோது, அதை எடுத்துக் காத்தவர் கொச்சி அரசின் அமைச்சரான பாலியத்து வலியச்சன் என்னும் இந்துப் பெருமகனார். புதிய ஆலயத்துக்கு நிலமும் அணையாவிளக்குக்கு எண்ணெயும் தந்தவரும் அவரே. அவ்விளக்கு இன்றும் எரிகிறது. அதன் முன் சிறிதுநேரம் இருந்துவிட்டு, மாலை வண்டிக்கு எர்ணாகுளம் திரும்பலாம்.

அது பிறர் வீடு

ஒன்றை மட்டும் மறவாதிருக்க வேண்டும். நமக்கு விடுமுறைத் தலமாக இருப்பது வேறொருவர்க்கு வீடு. வல்லார்பாடத்தில் 2011 முதல் பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகம் இயங்குகிறது. அதற்கான சாலைக்கும் இரயில் பாதைக்குமாக 316 குடும்பங்கள் நிலத்தை இழந்தன. 2008 பிப்ரவரியில் அருகிலுள்ள மூலம்பிள்ளித் தீவில் வீடுகள் இடிக்கப்பட்ட துயரம் இன்னும் ஆறவில்லை. வைப்பினின் எடவனக்காட்டில் 2004 டிசம்பர் 26 சுனாமி உயிர்களைப் பறித்தது. கடல் ஆண்டுதோறும் கரையை அரிக்கிறது. பொங்கும் வேலியேற்ற நாட்களில் காயல் நீர் அடுப்பங்கரை வரை ஏறுகிறது. ஏரியை ஒட்டி வீடு கட்டி, மழைக்காலத்தில் கட்டிலின் மேல் அரிசிமூட்டையை ஏற்றி வைக்கும் நம் அம்பத்தூர், பூவிருந்தவல்லி மக்களுக்கு இத்துயரை விளக்க வேண்டியதில்லை. நெகிழிக் குப்பையைக் கடற்கரையில் எறியாதிருப்பதும், வீட்டுக்காரரிடம் விலையைக் குறைக்கச் சொல்லி வாதாடாதிருப்பதும் நாம் செய்யக்கூடிய சிறு மரியாதை.

இன்னொன்று, குடும்பத் தலைவர்களுக்கு. பணம் மிச்சமாகுமென அடுப்பும் அரிசியும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். வீட்டில் சமைப்பவரை அங்கும் சமைக்க வைத்தால், அவருக்கு நீங்கள் கொடுத்தது இடமாற்றமே ஒழிய ஓய்வன்று. தங்கும் வீட்டு அம்மாவிடம் முதல்நாளே சொல்லி, சோறும் கரிமீன் குழம்பும் மரவள்ளிக்கிழங்கும் ஆக்கித் தரச் சொல்லுங்கள். உரிய பணத்தைக் கொடுங்கள். அவரும் களைத்த ஒரு தாய்தான். இரவு பத்து மணிக்குத் தேநீர் கேட்டு எழுப்பாதீர்கள்.

அந்த இளைஞர் கோர்ஃபு தீவை விட்டுவிட்டாரா என்று வாசகர் கேட்கக்கூடும். விடவில்லை. மனைவியோடு மற்றோர் ஆண்டு போகப்போகிறார், போகட்டும். ஆனால் தை மாதக் கடைசியில் நால்வரும் வைப்பினுக்குச் சென்று வந்தனர். நமக்கு ஒரு படி பொக்காளி அரிசி வந்தது.

திரும்பிய வார ஞாயிறன்று, திருப்பலிக்குப் பின் தாயாரைக் கண்டோம். பழைய தவறு நினைவிலிருந்ததால் சற்று அச்சத்தோடுதான் கேட்டோம்: "என்னம்மா, என்னென்ன பார்த்தீர்கள்?"

"போகிறபோது எங்கள் கேட்டைப் பார்த்தேன், சாமி. மூடியிருந்தது. ஒரு ஆள் சைக்கிளோடு நின்றிருந்தார்" என்றார். சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அங்கே போய் வேறு என்ன பார்த்தேன்? அந்த வலை ஏறுவதையும் இறங்குவதையும்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் என்னை எழுந்திரு என்று சொல்லவில்லை" என்றார்.